குளிப்பாட்டினால் மட்டும் போதுமா?

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்கரன்கோவிலில் ஒரு சிறிய வீடு. பூசை கண்டு திரும்பிய குடும்பத்தில், காலை உணவு முடிந்ததும் பிள்ளைகள் இருவரும் கொல்லைப்புறத்திற்கு ஓடுகிறார்கள். அங்கே கட்டியிருப்பது வெள்ளைப் பஞ்சுப் பொதி போன்ற ஒரு நாய். கிறிஸ்மஸ் நெருங்குகிறது, விருந்தினர் வருவார்கள், நாய் அழுக்காக இருக்கலாமா? இரண்டு வாளித் தண்ணீர், கை நிறைய ஷாம்பு, ஒரே ஆரவாரம்! அரை மணி நேரத்தில் குளியல் முடிந்தது. பழைய துண்டு ஒன்றால் முதுகை நாலு தேய்ப்புத் தேய்த்தாயிற்று. மேகம் விலகி வெயில் சற்றே தலை காட்டியதும், "அம்மா, தொட்டுப் பாருங்க, நல்லாக் காஞ்சிட்டு" என்கிறான் மூத்தவன். அம்மாவும் தொட்டுப் பார்க்கிறாள். உண்மைதான், கைக்கு ஈரம் தட்டவில்லை.

மறுநாள் நாயிடம் ஒரு நாற்றம். அதற்கும் அடுத்த நாள் அது தன் இடுப்பையே ஓயாமல் நக்குகிறது, கடிக்கிறது. உரோமத்தை விலக்கிப் பார்த்தால், உள்ளங்கை அகலத்திற்குத் தோல் சிவந்து, நீர் கசிந்து, முடியெல்லாம் பிசின் போல ஒட்டிக் கிடக்கிறது. "குளிப்பாட்டிச் சுத்தமாகத்தானே வைத்தோம்! இது எங்கிருந்து வந்தது?" என்று வீடே திகைக்கிறது.

இது நாம் மனத்தில் கட்டிய வீடுதான். எனினும், அடர்ந்த உரோமமுள்ள நாயை வளர்ப்போர் பலருக்கு இக்கதை புதியதன்று. தவறு குளிப்பாட்டியதில் இல்லை. குளியலைப் பாதியில் நிறுத்தியதில் இருக்கிறது. ஆம், இத்தகைய நாய்க்கு நீர் வார்ப்பது பாதிக் குளியல், உலர்த்துவதே மறுபாதி.

ஒரு நாய்க்கு இரண்டு சட்டை

பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் ஆகிய இனங்கள் இன்று நம் சிற்றூர்களிலும் சாதாரணமாகக் காணப்படுகின்றன. இவற்றின் உடலைப் போர்த்தியிருப்பது ஒரு சட்டையன்று, இரண்டு சட்டைகள். நம் கண்ணுக்குத் தெரிவது மேல் உரோமம். அது நீளமானது, சற்று முரடானது. மழைத்துளி அதன்மீது விழுந்தால் கூரை ஓலையில் விழுந்த நீர்போல வழிந்தோடும். அதற்கு அடியில், தோலை ஒட்டி, ஆட்டுக் கம்பளிபோல மென்மையாகவும் நெருக்கமாகவும் வளர்ந்திருப்பது அடி உரோமம். நாயின் தோலிலுள்ள ஒரே துவாரத்திலிருந்து ஒரு முரட்டு முடியும், அதனைச் சுற்றிப் பல மெல்லிய முடிகளும் வெளிவருகின்றன. எனவேதான் அத்தனை அடர்த்தி.

இந்த அடி உரோமம் காற்றைச் சிறைப்பிடித்து வைக்கிறது. குளிர் உள்ளே புகாமலும், உடற்சூடு வெளியே போகாமலும் காப்பது அந்தக் காற்றே. பொமரேனியன் என்னும் பெயரே பால்டிக் கடலோரத்துப் பொமரேனியா நாட்டிலிருந்து வந்தது. லாப்ரடாரின் முன்னோர் கனடாவின் குளிர்ந்த கடற்கரையில் மீனவரோடு உழைத்தவை. பனியும் குளிரும் நிறைந்த அந்நாடுகளுக்காக இயற்கை நெய்த கம்பளி அது.

சரி, மழையில் நனைந்தால் தாங்கும் உரோமம், குளியலில் மட்டும் ஏன் தாங்குவதில்லை? தோலில் ஊறும் ஒருவகை எண்ணெய்ப் பசை உரோமத்தின்மீது படிந்திருப்பதால்தான் மழைநீர் எளிதில் உள்ளே இறங்குவதில்லை. ஷாம்பு அழுக்கோடு அந்தப் பசையையும் கழுவி விடுகிறது. நாமோ விரல்களால் அளைந்து, நீரை அடிவரை செலுத்துகிறோம். நீர் உள்ளே போகும் வழியை நாமே திறந்து விட்டோம். வெளியேறும் வழியையும் நாம்தானே காட்ட வேண்டும்?

மண்பானை சொல்லும் பாடம்

நம் வீட்டு மண்பானையில் நீர் குளிர்வது ஏன்? பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது, தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக் கொள்கிறது. அந்த வெப்பம் கொஞ்சமன்று. 30 பாகை வெப்பமுள்ள ஒரு கிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க ஏறத்தாழ 580 கலோரி தேவை. நனைந்த நாய் நடுங்குவதற்கும் இதுவே காரணம். குறிப்பாகக் குட்டிகளும் முதிர்ந்த நாய்களும் ஈரத்தோடு நெடுநேரம் இருந்தால் உடற்சூட்டை இழந்து துன்புறும்.

மேல் உரோமத்தில் காற்றும் வெயிலும் படுகின்றன. அது விரைவில் உலர்கிறது. அடி உரோமத்திலோ காற்று அசைவதில்லை. அங்குள்ள சிறிதளவு காற்றும் ஈரத்தால் நிறைந்தபின், மேற்கொண்டு நீர் ஆவியாக இடமில்லை. ஈரத்தோடு மடித்து வைத்த சேலையை எண்ணிப் பாருங்கள். மேல் மடிப்பு உலர்ந்திருக்கும். உள் மடிப்பிலோ புழுக்கவாடை வீசும். நாயின் உடம்பில் நிகழ்வதும் இதுவே. ஈரமும், ஏறத்தாழ 101 முதல் 102 பாகை ஃபாரன்ஹீட் வரையிலான உடற்சூடும் ஒன்றுசேர்ந்தால், தோலில் இயல்பாகவே வாழும் பாக்டீரியாக்களும் நொதிப்பூஞ்சைகளும் பெருகுவதற்குக் கேட்கவா வேண்டும்? நாற்றம் முதல் எச்சரிக்கை. அடுத்து அரிப்பு, அரிப்பினால் நக்குதல், நக்குவதால் மேலும் ஈரம், முடிவில் புண்.

கால்நடை மருத்துவர்கள் ‘ஹாட் ஸ்பாட்’ என்று வழங்கும் இந்தப் புண் சில மணி நேரத்திலேயே பெருகக்கூடியது. உண்ணி, தெள்ளுப்பூச்சி, காதுநோய் ஆகியவையும் இதற்கு வித்திடலாம். எனினும், அடர்ந்த உரோமத்தில் தங்கிய ஈரம் அதற்கு நல்ல விளைநிலம். நாயின் புறத்தோல் நம்முடையதைவிட மெல்லியது என்பதையும் மறந்துவிடலாகாது.

பனிமலைத் துறவியர் கற்ற பாடம்

உரோமத்தில் தங்கும் ஈரம் எத்தகைய இடர் என்பதைக் கண்கூடாகக் கண்டவர்கள் ஆல்ப்ஸ் மலைத் துறவியர். இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே, 2,469 மீட்டர் உயரத்திலுள்ள கணவாயில், 11ஆம் நூற்றாண்டில் மந்தோன் ஊர்ப் புனித பெர்னார்து வழிப்போக்கருக்காக ஒரு விடுதியை நிறுவினார். 17ஆம் நூற்றாண்டு முதல் அங்கே பெரிய நாய்கள் வளர்க்கப்பட்டன. பனியில் புதையுண்டோரை மோப்பத்தால் கண்டுபிடித்து உயிர் காத்த ‘செயின்ட் பெர்னார்டு’ நாய்கள் இவையே. 1800ஆம் ஆண்டில் பிறந்த ‘பாரி’ என்னும் நாய் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காத்ததாகக் கூறுவர். அது 1814இல் இறந்தது. பாடம் செய்யப்பட்ட அதன் உடல் இன்றும் பேர்ன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

அந்நாய்கள் தொடக்கத்தில் குட்டை உரோமம் உடையவை. 19ஆம் நூற்றாண்டில், குறைந்துவிட்ட தங்கள் நாய்க்கூட்டத்திற்கு வலுவூட்ட எண்ணி, நியூஃபவுண்ட்லாந்து என்னும் நீண்ட உரோம இனத்தோடு அவற்றைக் கலந்தனர். பிறந்த குட்டிகளில் சில நீண்ட அழகிய உரோமத்துடன் வளர்ந்தன. உரோமம் மிகுந்தால் குளிர் தாங்கும் என்றுதானே எவரும் நினைப்பர்? நடந்ததோ வேறு. நீண்ட உரோமத்தில் பனி ஒட்டி, உருகி, மறுபடியும் உறைந்து, நாய்க்குச் சுமக்க இயலாத பாரமாயிற்று. ஆகவே துறவியர் குட்டை உரோம நாய்களையே மீட்புப் பணிக்கு வைத்துக்கொண்டனர்; நீண்ட உரோமமுள்ளவை பள்ளத்தாக்கு மக்களிடம் சென்றன.

அழகுக்கு அழகாய்த் தோன்றும் உரோமம், நீரைப் பிடித்து வைத்துக்கொண்டால் சுமையாகிவிடுகிறது. அங்கே அது பனிக்கட்டியாயிற்று. இங்கே அது புண்ணாகிறது.

நம் மண்ணின் நாய்களைப் பாருங்கள். சங்கரன்கோவிலுக்கு வடக்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் இராஜபாளையம். அவ்வூர்ப் பெயர் தாங்கிய வெண்ணிற வேட்டை நாய்க்கு இந்திய அஞ்சல்துறை 2005ஆம் ஆண்டில் தபால்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. அதற்கும், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய தென்னாட்டு நாய்களுக்கும் உடலோடு ஒட்டிய குட்டை உரோமமே. குளத்தில் இறங்கி எழுந்தாலும் ஓர் உதறல், சற்று ஓட்டம், உலர்ந்துவிடும். வெயில் நாட்டுக்கு ஏற்ற உடை அது. குளிர் நாட்டு நாயை நாம் விரும்பி இங்கே அழைத்து வந்திருக்கிறோம். ஆதலால் அதனை உலர்த்தும் பொறுப்பும் நம்மையே சார்ந்தது.

குளிக்கும் முன்பே தொடங்குக

உலர்த்தும் வேலை குளியலுக்கு முன்பே தொடங்குகிறது என்றால் வியப்பாக இருக்கும். முதலில் உலர்ந்த உரோமத்தைச் சீவி, சிக்கெடுத்து, உதிர்ந்து தங்கிய அடி உரோமத்தை நீக்கிவிட வேண்டும். சிக்கு நனைந்தால் மேலும் இறுகும். கடற்பஞ்சுபோல நீரைப் பிடித்துக்கொள்ளும். கால் மணி நேரம் சீவுவது, பின்னர் ஒரு மணி நேர உழைப்பை மிச்சப்படுத்தும்.

நாளையும் நேரத்தையும் தேர்ந்து கொள்க. காலை எட்டு, ஒன்பது மணி நல்லது. மாலைக் குளியல் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் போட்ட துணியே உலர்வதில்லை. நாய் மட்டும் உலருமா? அந்நாட்களில் தவிர்க்க முடியாவிட்டாலன்றிக் குளிப்பாட்டாமல், ஈரத்துணியால் பாதங்களையும் அடிவயிற்றையும் துடைத்து, நன்கு சீவி விடுதல் போதுமானது. ஆடிக் காற்று வீசும் நாட்களில் வேலை எளிது. ஆனால் தெருப்புழுதி ஈர உரோமத்தில் அப்பாதபடி வீட்டுக்குள் உலர்த்த வேண்டும். மற்ற நாட்களிலும் நல்ல உடல்நலமுள்ள நாய்க்கு மாதம் ஒருமுறை குளியல் பொதுவாகப் போதும்.

குளியலுக்கு முன் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுக. அதன் அடியில் தங்கும் ஈரமே பல புண்களுக்குத் தொடக்கம். காதுக்குள் நீர் புகாதபடி ஊற்றுக. நாயின் காதுக்குழல் நேரானதன்று. கீழே இறங்கி உள்நோக்கித் திரும்புவது. உள்ளே போன நீர் எளிதில் வெளிவராது. நாய்களுக்கென்றே உள்ள ஷாம்புவைப் பயன்படுத்தி, அதன் வழவழப்பு முற்றும் போகும்வரை அலசுக. தங்கிய ஷாம்புவும் அரிப்பை உண்டாக்கும்.

உதறல் என்னும் அற்புதம்

குளியல் முடிந்ததும் உடனே துண்டைக் கொண்டு பாய வேண்டாம். முதலில் கைகளால் உடல் நெடுக, கால்கள் நெடுக, மெல்ல வழித்து நீரை இறக்குக. பிறகு ஒதுங்கி நின்று நாயை உதற விடுக! அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் விலங்குகளின் உதறலை ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிறிய விலங்கு வேகமாகவும், பெரிய விலங்கு மெதுவாகவும் உதறுகிறது. சுண்டெலி வினாடிக்கு முப்பது முறை அளவுக்கு உதற, லாப்ரடாருக்கு நான்கைந்து முறை போதும். நாய் ஒன்று சில வினாடிகளில் உரோமத்திலுள்ள நீரில் சுமார் 70 விழுக்காட்டை எறிந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். இவ்வளவு வேலையை இலவசமாகச் செய்யும் நாயை அதட்டுவானேன்? நம் உடை நனைந்தால் நனையட்டும்.

மீதியுள்ளதே நம் பங்கு, கடினமானதும் அதுவே. இங்கே துண்டு வேண்டும். நம் ஊரோ தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர். துணியைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கஞ்சி போகாத புதுத் துண்டு நீரை ஏற்காது. பலமுறை துவைத்து மென்மையான பழைய பருத்தித் துண்டே சிறந்தது. ஒன்று போதாது; நடுத்தர நாய்க்கு மூன்று நான்கு உலர்ந்த துண்டுகள் வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் உரோமம் சிக்குப் பிடிக்கும். துண்டை உரோமத்தின்மீது வைத்து அழுத்தி, ஒற்றி எடுக்க வேண்டும். பச்சிளங் குழந்தையின் தலையைத் துவட்டுவது போல என்றால் தாய்மார்களுக்கு விளங்கும். துண்டு நனைந்ததும் மாற்றுக.

காற்று வேண்டும், சூடு வேண்டாம்

துண்டு நீரை எடுக்கும். ஈரத்தை எடுக்க ஓடும் காற்று வேண்டும். அதற்கு நம் வீட்டு மேசை மின்விசிறியே போதும். நாயை உலர்ந்த சாக்கின் மீதோ பாயின் மீதோ நிறுத்தி, காற்று அதன் உடலில் படுமாறு விசிறியை வையுங்கள். வால் உள்ளே புகாதபடி விசிறிக்கு வலைக்கூடு இருக்கட்டும். ஒரு கையால் உரோமத்தை வகிடு பிரித்துத் தோல் தெரியச் செய்து, மறுகையால் சீப்பைக் கொண்டு அடியிலிருந்து நுனிக்குச் சீவுங்கள். ஒரு வரி உலர்ந்ததும் அடுத்த வரி. களத்தில் காயும் நெல்லைக் காலால் கிளறி விடுகிறோம் அல்லவா? அடிநெல் மேலே வராமல் எப்படிக் காயும்? இதுவும் அவ்வாறே.

ஹேர் டிரையர் வைத்திருப்போர் அதனைக் குளிர்ந்த காற்று நிலையில் மட்டும் பயன்படுத்துவது நலம். சூடான காற்றை ஒரே இடத்தில் காட்டினால் தோல் வெந்துவிடும். அடர்ந்த உரோமத்தின் அடியில் தோல் சிவப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. மேலும், நமக்கு வியர்ப்பது போல நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை; உள்ளங்கால்களில் மட்டுமே வியர்வை. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதே அதற்குச் சூடு தணியும் பெருவழி. மூடிய அறையிலும் கூண்டிலும் சூடான காற்றை அடித்தால், நாய் வெப்ப மயக்கம் கொண்டு உயிரிழக்கவும் கூடும். இரைப்பு மிகுந்து, எச்சில் ஒழுகித் தள்ளாடினால் உடனே நிறுத்தி, காற்றோட்டமான இடத்திற்குக் கொண்டு சென்று, நீர் கொடுத்து, மருத்துவரை நாடுக. கருவியின் இரைச்சலுக்கு அஞ்சும் நாயை வலிந்து பிடிக்க வேண்டாம். நம் காதுக்கு எட்டாத மெல்லோசையும் அதற்குக் கேட்கும். தொலைவில் ஓடவிட்டுப் பழக்குக.

"வெயிலில் கட்டிவிட்டால் தானே காய்ந்துவிடாதா?" என்று கேட்கலாம். காலை இளவெயிலில், நிழலுக்கு ஒதுங்க வழிவிட்டு, நம் கண்பார்வையில் சிறிது நேரம் விடலாம். உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையில் கட்டுவது கொடுமை. பாதம் சுடும், உடல் கொதிக்கும், அப்போதும் அடி உரோமம் ஈரமாகவே இருக்கும். பகற்சூட்டில் ஈரக் கம்பளி போர்த்தி நிற்பவனின் நிலையே அது.

விரல் சொல்லும் தீர்ப்பு

எப்போது உலர்ந்தது என்று முடிவு செய்வது? மேலே தடவிப் பார்த்து அல்ல. விரல் நுனிகளை உரோமத்துக்குள் செலுத்தித் தோலைத் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உலர்ந்தது. குளிர்ச்சி தட்டினால் ஈரம் இன்னும் ஆவியாகிக் கொண்டிருக்கிறது. மண்பானைக் கதையேதான்! காதின் பின்புறம், கழுத்தைச் சுற்றி, மார்பு, முன்னங்கால் இடுக்கு, தொடை இடுக்கு, வாலின் அடி, விரல்களின் இடை ஆகிய ஏழு இடங்களையும் தவறாமல் தொட்டுப் பார்க்க வேண்டும். காது மடலின் உட்புறத்தை மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கலாம். குச்சி எதையும் உள்ளே நுழைக்கலாகாது. ஏழு இடமும் உலர்ந்த பிறகே கழுத்துப்பட்டை. இதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

இந்த நேரம் வீணன்று. உடல் முழுவதையும் வகிடு பிரித்துப் பார்க்கும்போது, உண்ணி, சிறு புண், கட்டி ஆகியவை தொடக்கத்திலேயே கண்ணில் படும். உண்ணியை வெறும் விரலால் நசுக்க வேண்டாம். அது இரத்த நோய்களைப் பரப்புவது.

வெயிற்காலத்தில் சிலர் நாயை மொட்டையடித்து விடுகிறார்கள். மருத்துவர் ஏதேனும் காரணம் பற்றிச் சொன்னாலன்றி அவ்வாறு செய்யாதீர்கள். மேல் உரோமம் வெயிலிலிருந்தும் தோலைக் காக்கிறது. மழித்த பின் அது பழையபடி வளராமலும் போகலாம். உதிர்ந்த அடி உரோமத்தை அடிக்கடி சீவி எடுப்பதே சரியான வழி.

இத்தனைக்குப் பிறகும் புண் கண்டால், மஞ்சள், மண்ணெண்ணெய், முகப்பவுடர், நம் வீட்டுக் களிம்புகள் எதையும் பூசாதீர்கள். நாய் அதனை நக்கி விழுங்கும். அது அவ்விடத்தை மேலும் நக்காதபடி தடுத்து, அன்றே கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தொடக்கத்தில் எளிதில் ஆறும். ஈ மொய்த்துப் புழு வைத்தபின் துன்பம் பெரிது.

நாம் முதலில் கண்ட வீட்டுக்கே மறுபடியும் செல்வோம். அடுத்த முறை மூத்தவன், "நல்லாக் காஞ்சிட்டு" என்று சொல்லும்போது, அம்மா மேலே தடவிப் பார்த்துத் திரும்பிவிட மாட்டாள். "விரலை உள்ளே விட்டுத் தோலைத் தொட்டுப் பாரு ராசா, குளுந்திருக்கா, வெதுவெதுன்னு இருக்கா?" என்று கேட்பாள். அவன் தொட்டுப் பார்ப்பான். இன்னொரு துண்டு எடுத்து வர ஓடுவான். "உள்ளே ஈரமாயிருக்கிறது" என்று வாய் திறந்து சொல்ல முடியாத உயிர் அது. அதற்காக அவன் விரல் பேசக் கற்றுக்கொள்ளட்டும். இக்கல்வி நாயோடு நின்றுவிடாது. வெளியே சிரித்து உள்ளே நனைந்திருக்கும் மனிதரையும் நாளை அவன் கண்டுகொள்வான் அன்றோ?